வினைமுற்றே பெயராதல்: நெடுங்கேணிச் சூழலில் விளையாட்டுச் சொல்லாக்கம்

டக்ளஸ் அடம்ஸ், ஜோன் லொயிட் என்னும் ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் இருவர் 1983ஆம் ஆண்டில் சிறிய அகராதியொன்றை வெளியிட்டனர். 'லிஃப் என்பதன் பொருள்' என்று அதன் தலைப்பைத் தமிழிற் கூறலாம். லிஃப் என்பது ஸ்கொத்லாந்திலுள்ள ஒரு சிற்றூர். அகராதியின் உத்தி மிக எளியது. எல்லோரும் அனுபவிக்கின்ற, ஆயினும் எந்த மொழியிலும் பெயர் பெறாத நிலைகள் உலகிற் பலவுள. மறுபுறத்தில், வழிகாட்டிப் பலகைகளில் வேலையின்றி நிற்கும் ஊர்ப்பெயர்களும் பலவுள. ஆசிரியர் இருவரும் முன்னையவற்றுக்குப் பின்னையவற்றைப் பெயராக இட்டனர். சமையலறைக்குள் நுழைந்து, எதற்காக வந்தோமென்பதை மறந்து நிற்பதற்கு 'வோகிங்' என்று பெயர். வேறொருவர் எழுந்துபோன ஆசனத்தின் மிச்சச் சூடு நமக்குத் தரும் கூச்சத்திற்கு 'சூபரினெஸ்' என்று பெயர். இவ்வகை முயற்சி பின்னரும் தொடர்ந்தது. அமெரிக்கரான ஜோன் கொயெனிக் பெயரற்ற துயரங்களுக்கெனச் சொற்களை ஆக்கித் தொகுத்த அகராதி 2021இல் நூலாக வெளிவந்தது. அடம்ஸ் நம்மைச் சிரிக்க வைக்கிறார். கொயெனிக் பெருமூச்சு விட வைக்கிறார். இருவரும் செய்வது ஒரே தொழில்தான்.

இந்நூல்களின் சுவையை மறுப்பதற்கில்லை. ஆனால் அச்சுவை எங்கிருந்து வருகிறது என்பதை நோக்குதல் வேண்டும். வோகிங் என்னும் நகரத்துக்கும் சமையலறை மறதிக்கும் யாதொரு தொடர்புமில்லை. தொடர்பின்மைதான் பகிடி. நன்னூலார் பெயர்களை இடுகுறி, காரணம் என இருவகைப்படுத்தினார். அவ்வகையில் 'லிஃப்' அகராதியின் பெயர்கள் யாவும் கலப்பற்ற இடுகுறிகள். அவற்றுள் ஒன்றுகூட ஆங்கிலேயரின் அன்றாட நாவில் ஊன்றியதாகத் தெரியவில்லை. புத்தகத்தைத் திறந்தாற் சிரிப்பு வருகிறது; மூடினாற் சொல் போய்விடுகிறது. அவை ஏன் ஊன்றவில்லை என்ற வினாவுக்கு விடைகாண, அவ்வகராதியைத் தலைகீழாகப் புரட்டிப் பார்க்கக்கூடிய ஓர் இடம் நமக்கு உண்டு. அது வன்னியில், வவுனியா வடக்குப் பிரிவிலுள்ள நெடுங்கேணியும் அதன் சுற்றூர்களுமாகும்.

ஆங்கில அகராதியில் ஊர்ப்பெயர் அனுபவத்துக்கு ஏறுகிறது. நெடுங்கேணிச் சூழலிலோ அனுபவம் ஊர்ப்பெயராக ஏறியிருக்கிறது. ஊஞ்சால்கட்டி, வெடிவைத்தகல்லு, குளவிசுட்டான், வெடுக்குநாறி, வடக்கே சற்றுத் தள்ளி ஒட்டுசுட்டான்: இவற்றை ஊர்ப்பெயர் என்று அறியாதவர் ஒருவருக்கு வாசித்துக் காட்டினால், கதையொன்றின் வாக்கியங்களைத் துண்டுதுண்டாகப் படிப்பதாகவே அவர் எண்ணக்கூடும். யாழ்ப்பாணத்து ஊர்ப்பெயர்களிற் பெரும்பாலானவை நிலத்தின் இயல்பையோ குடியையோ சுட்டுவன. வன்னியிலும் அத்தகையன மிகுதி. குளம், கேணி, மடு, மோட்டை, ஓடை, முறிப்பு என்று நீர் நிற்கும் வகைக்கும் ஓடும் வகைக்கும் உடைக்கும் வகைக்கும் தனித்தனி ஈறு வைத்திருக்கும் நாடு அது. காஞ்சூரமோட்டை என்றால் மரமும் நீரும் தெரிந்துவிடுகின்றன. நெடுங்கேணி என்ற பெயரே அவ்வகையைச் சேர்ந்தது. நீரைத் தேடிக் காட்டுக்குள் குடியேறியவர்களுக்கு இவ்வேறுபாடுகள் உயிர்நாடியானவை. எனவே அவை பெயர் பெற்றமை வியப்பன்று. வியப்புக்குரியவை, நீர்ப்பெயர்களுக்கிடையே நின்று சிரிக்கின்ற இந்தச் செயற்பெயர்கள்.

'குளவிசுட்டான்' என்ற பெயரைச் சற்று நின்று நோக்குவோம். யார் சுட்டான்? பெயர் சொல்லவில்லை. ஏன் சுட்டான்? அதுவும் இல்லை. ஆயினும் குளவிக் கூட்டைத் தீயிட்டவனுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதைக் கேட்பவர் தாமே நிரப்பிக்கொள்கிறார். இலக்கணகாரர் இதனை வினையாலணையும் பெயர் என்று அமைதி கூறுவர். காதோ இதனை முற்றாகவே கேட்கிறது. எழுவாய் நீக்கப்பட்ட வினைமுற்று. ஒரு பகிடியின் கடைசி வரி மட்டும் எஞ்சி, அதுவே ஊராகிவிட்டது. 'வெடிவைத்தகல்லு' வேறுவகையில் ஈர்க்கிறது. ஈழத்துப் பேச்சில் வெடிவைத்தல் என்பது பாறை பிளத்தலையும் குறிக்கும். துப்பாக்கியாற் சுடுதலையும் குறிக்கும். கல்லுக்கு வெடி வைத்தார்களா, கல்லில் நின்று வெடி வைத்தார்களா என்பதைப் பெயர் தீர்த்து வைக்கவில்லை. 'வெடுக்கு' என்பது பச்சை மீனின் நாற்றத்துக்கு நாம் இன்றும் வழங்கும் சொல். மலையொன்றுக்கு 'வெடுக்குநாறி' என்று பெயரிடுவதற்குக் காட்டோடு நெடுங்காலம் உறவாடிய மூக்கு வேண்டும். அதனைவிட, அம்மலையில் ஆதிலிங்கேசுவரரை வணங்கிய பின்னரும் அப்பெயரை மாற்ற விரும்பாத மனமும் வேண்டும்.

கிளிநொச்சிப் பக்கத்து 'ஆனைவிழுந்தான்' இலக்கண மாணவருக்கு விருந்து. ஆனை விழுந்தது என்பதே மரபு. விழுந்தான் என்றதனால் அஃறிணை உயர்திணையாயிற்று. விழுந்தது ஒரு விலங்கு என்று எண்ண முடியாதபடி, தெரிந்த ஆளொருவர் இடறி விழுந்தாற்போல ஊர் அதனைப் பேசுகிறது. காட்டானையோடு ஒரே குளத்தில் நீர் அள்ளுபவருக்கன்றி இத்திணைமயக்கம் வாய்க்குமா? 'ஒட்டுசுட்டான்' பற்றிய கோயில் ஐதீகம் பலரும் அறிந்தது. அறுவடையான குரக்கன் ஒட்டை உழவனொருவன் சுட்டபோது தான்தோன்றீசுவரர் வெளிப்பட்டார் என்பர். அவ்விடத்துக்குச் சிவனின் பெயரை வைத்திருக்கலாம். வேறெங்கும் அப்படித்தான் நடந்திருக்கும். இங்கே ஊர் நினைவில் வைத்திருப்பது சுட்டவனை. கடவுள் வெளிப்பட்ட செய்தி கோயிலின் பெயரில் அடங்க, உழவனின் அன்றாட வேலை ஊரின் பெயராயிற்று. ஊர்ப்பெயர் பற்றிய நம் ஆய்வுகள் பெயரின் பழமையை நிறுவுவதிற் காட்டும் அக்கறையில் ஒரு பங்கையேனும் இத்தகைய மனப்பாங்கை விளக்குவதிற் காட்டினால் நன்று.

இப்பெயர்களுக்கும் அடம்ஸின் சொற்களுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இப்போது தெளிவாகும். வன்னிப் பெயர்கள் செயல் நடந்து முடிந்தபின் பிறந்தவை. பெயரிட்டவர் அச்செயலுக்குள் நின்றவர். குளவி கொட்டியபோது ஓடியவர்களுள் அவரும் ஒருவராயிருத்தல் கூடும். மேசையோரத்தில் இருந்துகொண்டு பெயரற்ற நிலையொன்றைத் தேர்ந்து, அதற்கு ஒரு சொல்லைப் பொருத்துகின்ற விளையாட்டு வேறு. பட்டவர் தம் பாட்டைச் சிரித்துச் சொல்லப்போய் அது சொல்லாகிவிடுவது வேறு. ஊன்றுவது பின்னையதே.

நாட்டார் விளையாட்டுச் சொல் கவலையற்ற உள்ளத்தின் வெளிப்பாடு என்று கருதுவோர் உண்டு. இது பிழையான கருத்து. நெற்களத்தின் மொழியே இதற்குச் சான்று. வன்னி மாவட்டங்களின் கையேட்டினை 1895இல் வெளியிட்ட ஜே. பி. லூயிஸ், அதற்கு முன்னரே, 1880களில், அரச ஆசியக் கழகத்து இலங்கைக் கிளையின் சஞ்சிகையிற் களத்தின் தனிமொழி பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். சூடுமிதிக்கும் வேளையில் வழக்கமான சொற்களை விலக்கி மாற்றுச் சொற்களைப் பயன்படுத்தினர் நம் உழவர். பூதம் கேட்டால் நெல்லை வாரிக்கொண்டு போய்விடும் என்ற அச்சமே காரணம். குவிந்த நெல் பொலியாயிற்று. முதல் மரைக்காலை ஒன்றென்று எண்ணாமல் லாபம் என்று எண்ணினர். வைக்கோலைக் கிளறும் கொக்கித்தடி 'வேலைக்காரன்' ஆயிற்று. நன்னூலார் மொழியில் இவை தகுதிவழக்கு. மங்கலமும் குழூஉக்குறியும் கலந்தவை. ஆயினும் தடியை வேலைக்காரன் என்றவரின் கண்சிமிட்டலை எந்தச் சூத்திரத்தில் அடக்குவது? ஆண்டு முழுவதும் பாடுபட்ட விளைவு ஓரிரவிற் போய்விடுமோ என்ற அச்சமும், அவ்வச்சத்தோடு சற்றே விளையாடிப் பார்க்கும் துணிவும் சேர்ந்த இடத்திலேதான் இச்சொற்கள் முளைத்தன. அச்சத்துக்குப் பணிந்த சொல் மந்திரமாகிறது. அச்சத்தைச் சீண்டிய சொல் வழக்காகிறது.

களத்து மொழியின் வழித்தோன்றலைக் காண நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. போர்க்காலத்து வானத்துக்கு மக்கள் இட்ட பெயர்களே அவை. குண்டு வீசப் பயன்பட்ட, கனத்து உறுமிச் செல்லும் பொதிவிமானத்தைச் 'சகடை' என்றனர். மேலே சுற்றி வேவு பார்த்துச் செல்லும் சிறுவிமானம் 'கோள்மூட்டி' ஆயிற்று. கோள்மூட்டி என்ற சொல்லின் கூர்மையைப் பாராட்டாமல் இருக்க முடியாது. ஊர்ச் சண்டைகளில் ஒருவர் பேச்சை மற்றவர் காதில் ஓதிப் பகை மூட்டுபவருக்கு உரிய அப்பெயர், விமானத்தின் தொழில்நுட்பத்தைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. அது வந்துபோனபின் என்ன நடக்கும் என்பதை முழுவதும் கூறிவிடுகிறது. பின்னர் வந்த ஆளில்லா வேவுக் கருவிக்கு 'வண்டு' என்று பெயர். இரவு முழுவதும் அதன் இரைச்சலைத் தலைமேற் கேட்டவர்களே அப்பெயரை இட்டிருத்தல் வேண்டும். 'ஆளில்லா வேவு விமானம்' என்று செய்தித்தாள் எழுதிற்று. ஆள் இருக்கிறானா இல்லையா என்பது கீழே பதுங்குகுழியில் இருந்தவருக்கு ஒரு பொருட்டா?

எரிபொருட் தடைக் காலத்தில் ஜாம் போத்தலின் அடியிற் சிறிதளவு மண்ணெண்ணெயும் ஒரு திரியுமாகச் செய்த விளக்கைச் 'சிக்கன விளக்கு' என்றனர். சிக்கனம் என்பது சேமிக்க இருப்பவன் செய்வது. ஒன்றும் இல்லாதவன் தன் இல்லாமையைச் சிக்கனம் என்று அழைத்துக்கொண்டதில் உள்ள எள்ளலை, அவ்விளக்கிற் படித்துப் பல்கலைக்கழகம் வந்தவர் நன்கறிவர்.

ஈண்டு ஒன்று மனங்கொளத்தக்கது. எல்லா விமானங்களுக்கும் இவ்வாறு பகிடிப்பெயர் வாய்க்கவில்லை. 1996 முதல் இலங்கை வான்படையின் பயன்பாட்டுக்கு வந்த 'கிபிர்' அப்பெயராலேயே அழைக்கப்பட்டது. கிபிர் அடித்தது, கிபிர் வந்தது என்றே பேசினர். எபிரேய மொழியில் அச்சொல்லுக்குச் சிங்கக்குட்டி என்று பொருள். விளையாட்டுப் பெயர் வைக்கும் உரிமை அங்கே உற்பத்தியாளரிடம் போய்விட்டது. மெதுவாகச் சுற்றும் இயந்திரத்தை அண்ணாந்து பார்க்கலாம். பார்த்ததை ஏதாவதொன்றோடு ஒப்பிடலாம். ஒப்பிட்டதைப் பக்கத்திலிருப்பவருக்குச் சொல்லலாம். ஒலி வந்து சேருமுன் வேலை முடித்துப் போகின்ற ஒன்றைப் பகிடி பண்ண எவருக்கும் அவகாசமில்லை. விளையாட்டுச் சொல்லாக்கத்துக்கு ஒரு வேக எல்லை உண்டு என்பதை இதனால் அறிகிறோம்.

செயலுக்கு முன்னரே வைக்கப்படும் பெயர்கள் வேறொரு வகுப்பு. 1997 மே மாதத்தில் தொடங்கி நெடுங்கேணியையும் உள்வாங்கிய படை நடவடிக்கைக்கு 'ஜயசிக்குறு' என்று பெயர். சிங்களத்தில் 'வெற்றி உறுதி' என்பது அதன் பொருள். 1999இல் நிலைமை தலைகீழாயிற்று. பெயர் மட்டும் அப்படியே ஏட்டில் நின்றது. குளவிசுட்டான் என்ற பெயர் பொய்யாக முடியாது, ஏனெனில் அது நடந்ததைச் சொல்கிறது. நடக்கப்போவதைச் சொல்லும் பெயருக்கு அவ்வாய்ப்பில்லை.

குழுக்கள் ஆக்கும் கலைச்சொற்களும் ஒருவகையில் முன்னிட்டு வைக்கும் பெயர்களே. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டில் தமிழிற் சொல் தேடியிராவிட்டால், 1956க்குப் பின்னர் அரசகரும மொழித் திணைக்களம் சொற்றொகுதிகளை வெளியிட்டிராவிட்டால், தமிழில் அறிவியல் கற்ற தலைமுறை உருவாகியிராது. ஆனால் அச்சொற்களின் இடம் பாடநூல். அவை தெருவுக்கு வரும்போது சோதனைக்குள்ளாகின்றன. துவிச்சக்கரவண்டி பொலிஸ் முறைப்பாட்டில் ஓடுகிறது. வீதியில் ஓடுவது சைக்கிள். வன்னியில் 1990களிலும் அடுத்த பத்தாண்டிலும் விடுதலைப் புலிகளின் நிருவாகத்தின்கீழ்ப் பெயர்ப்பலகைகளில் வந்த தூய தமிழ்ச் சொற்களும் இச்சோதனைக்கு உட்பட்டவையே. வைப்பகம், வெதுப்பகம், உந்துருளி, குளிர்களி என்பன நினைவுக்கு வருகின்றன. வெதுப்பகம் இன்றும் சில பலகைகளில் நிற்கிறது. ஆனால் அங்கே போய் வாங்குவது பாண்தான்; போர்த்துக்கேயரிடம் வாங்கிய அச்சொல்லைத் தமிழ் நாவு திருப்பிக் கொடுக்க மறுத்துவிட்டது. இவற்றுள் 'குளிர்களி' ஒன்றையே நான் உயர்வாக மதிப்பேன். களி என்பது உணவு. களி என்பது மகிழ்ச்சி. குளிர்ந்த மகிழ்ச்சியைக் கிண்ணத்தில் இட்டுத் தருகின்ற அச்சொல், ஆணையாற் பிறந்ததாயினும் விளையாடத் தெரிந்திருக்கிறது. ஆயினும் பிள்ளைகள் ஐஸ்கிறீம் என்றுதான் அழுகின்றனர்.

நாட்டார் சொல்லாக்கத்தைப் போற்றும்போது அதன் மறுபக்கத்தையும் காணாமல் விடுதல் நேர்மையாகாது. ஊர்கள் பட்டப்பெயர் வைக்கும் திறமையிற் பாதி கொடுமையானது. நொண்டியென்றும் கொன்னையென்றும் ஊனத்தையே பெயராக்குவதும், சாதிப் பெயரைச் சற்றே மாற்றி இழிவாக்குவதும் இதே படைப்பாற்றலின் விளைவுகளே. குளவிசுட்டான் நமக்கு இனிப்பதற்குக் காரணம், அங்கே சிரிப்பவரும் சிரிப்புக்கு உள்ளானவரும் ஒரே தட்டில் நிற்பதாகும். அச்சமநிலை இல்லாதவிடத்துப் பகிடி வெறும் கல்லெறி.

பெயர் வைக்கும் மக்கள் ஊரைவிட்டு நீங்கினால் பெயருக்கு என்ன நேர்கிறது? 1984இன் இறுதியிற் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய்ப் பகுதிகளிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டனர். 1997இல் நெடுங்கேணியைச் சூழ்ந்த ஊர்கள் வெறுமையாயின. 2009இன் பின் செட்டிகுளத்து முகாம்கள். அவற்றிற் கடைசி முகாம் 2012இலே மூடப்பட்டது. திரும்பி வந்தோர் பலர், திரும்பாதோரும் பலர். பெயர் வரைபடத்தில் நிற்கும். ஆனால் யார் சுட்டான், எந்தக் குளவி என்று சொல்லத்தெரிந்த கிழவர் இன்னோர் ஊரில், இன்னொரு மண்ணில் அடக்கமாகியிருப்பார். இலக்கண மொழியிற் கூறின், இடப்பெயர்வு காரணப்பெயரை இடுகுறியாக்கிவிடுகிறது. வோகிங் நகரப் பலகையைப் போல அதுவும் வேலையின்றி நிற்கத் தொடங்குகிறது. பின்னர் எவரும் வந்து தம் விருப்பப்படி அதற்குப் பொருள் ஏற்றலாம், அல்லது பெயரையே மாற்றலாம். மணலாறு என்பது 1980களில் வெலிஓயா ஆயிற்று. மணல், ஆறு என்னும் இரு சொற்களும் பொருள் மாறாமலே மொழிபெயர்க்கப்பட்டன. பொருள் மாறாமல் ஒரு பெயரை முற்றாக இழக்கமுடியும் என்பதற்கு இதனைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

வெறுமையான முற்றங்களைப் பற்றிப் பேசும்போது குறுந்தொகையைத் தொகுத்தோர் செய்த ஒரு காரியம் நினைவுக்கு வருகிறது. பெயர் அறியப்படாத புலவர்களுக்கு அவர்தம் பாடலிலிருந்தே சொற்களை எடுத்துப் பெயரிட்டனர் அவர்கள். செம்புலப்பெயனீரார், குப்பைக்கோழியார், மீனெறிதூண்டிலார் என்பன அவ்வாறு வந்தவை. உலக இலக்கியத்தில் இதற்கு நிகரான விளையாட்டு அரிது. அவருள் அணிலாடுமுன்றிலார் என்பவர் ஒருவர். தலைவன் பிரிந்த வீட்டின் தனிமைக்கு, மக்கள் நீங்கிய குடிசையின் முற்றத்தில் அணில் அச்சமின்றி ஆடுவதை அவர் உவமை கூறினார். அவ்வுவமையைக் கொயெனிக் கண்டிருப்பின் அதனை ஒரு கலைச்சொல்லாகவே கொண்டிருப்பார். மீள்குடியேற்றக் காலத்தில் தம் வளவுக்குத் திரும்பிக் கதவற்ற வீட்டின்முன் நின்ற எத்தனையோ குடும்பங்களின் முதற்கணத்துக்கு அதுவன்றி வேறு பெயரில்லை. 'மீள்குடியேற்றம்' என்ற அலுவலகச் சொல்லில் அணில் இல்லை.

பெயரில்லாத அனுபவங்களைத் தேடிப் புறப்படும் இளம் எழுத்தாளர், முதலில் நம் பேச்சுவழக்கிலேயே கிடக்கின்ற சொற்களைக் கிளறிப் பார்த்தல் நன்று. 'அந்தரம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். வடமொழியில் இடைவெளியைக் குறித்த அச்சொல்லை ஈழத்து மக்கள் மனநிலையொன்றுக்கு ஆக்கிக்கொண்டனர். ஒன்று நடந்துவிடும், இன்னும் நடக்கவில்லை, கைகால் ஓரிடத்தில் நிற்கவில்லை என்ற நிலை அது. எறிகணை குத்தும் ஒலி தூரத்திற் கேட்டதற்கும் அது விழுவதற்கும் இடைப்பட்ட நேரத்தை எண்ணிக்கொண்டு கிடந்த பிள்ளைகளின் நிலைக்கு இதுவே நாம் வைத்திருக்கும் மிக அணித்தான சொல். அணித்தானதே தவிர அதுவன்று. அந்நேரத்துக்கென்று தனிப்பெயர் எதுவும் வழக்கில் வரவில்லை. சகடைக்கும் வண்டுக்கும் பெயர் வைத்த அதே மக்கள் அதனைப் பெயரின்றியே விட்டனர்.

அவ்வாறு விடப்பட்ட இன்னொன்றும் உண்டு. 'காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்' என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் பெயரிட்டது. 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரக் கொட்டகைகளில் அமர்ந்த தாய்மாரோ 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றே எழுதினர். போதல் தன்வினை, தானே போயிருக்கலாம். ஆக்கப்படுதல் செயப்பாட்டுவினை, ஆக்கியவர் ஒருவர் இருந்தே தீரவேண்டும். இலக்கண வகுப்பில் நாம் அரைமணி நேரத்தில் விளக்கி முடிக்கும் இவ்வேறுபாட்டுக்காக அவர்கள் வெயிலில் ஆண்டுக்கணக்கில் இருந்தனர். அச்சொல்லாக்கத்தில் விளையாட்டு இல்லை. ஆனால் நாம் கண்ட எல்லாப் பெயர்களையும் போல அதுவும் நடந்ததன் பின், நடந்ததற்குள் நின்றவர்களால் ஆக்கப்பட்டது; அதனாலேயே ஊன்றிற்று.

காணாமல் ஆக்கப்பட்டவருக்குச் சொல் கிடைத்துவிட்டது. அவரின் மனைவிக்கு இன்னும் கிடைக்கவில்லை. காஷ்மீரில் அத்தகைய பெண்ணைப் 'பாதி விதவை' என்கின்றனர்; அதனைத் தமிழாக்கிப் பயன்படுத்துவோரும் உளர். பாதி என்று அளந்து சொல்வதை நம் பெண்கள் தம் நாவால் ஏற்றதாகத் தெரியவில்லை. இறந்தார் என்றும் கூறாமல், இருக்கிறார் என்றும் கூறாமல் ஒரு சான்றிதழை வழங்க 2016இலேயே சட்டம் வழிசெய்தது. அச்சான்றிதழ் கணவனைப் பற்றியது. அவள் நிரப்பும் படிவங்களில் விவாகமானவர், விவாகமாகாதவர், விதவை என்ற கட்டங்கள் மட்டுமே இருக்கின்றன. பொட்டு வைத்துக்கொண்டு படிவத்தைக் கையிலெடுக்கும் அவள், முதற்கட்டத்திற் புள்ளடியிட்டால் உதவி இல்லை. மூன்றாவதில் இட்டால் அவரைத் தானே கொன்றதாகும்.